பிட்டர் சோணைமுத்து லென்ஸ் வாங்கிய கதை

2007 சித்திரை. நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து இரண்டாவது வாரம், சாம்பிள் துணிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கையைத் துடைத்தபடி ஒருவர் வந்து ஓரமாக நின்றார்.

"தம்பி, நீங்க பிசிக்ஸ் படிச்சவுகன்னு சொன்னாக. ஒரு நூலோட நுனிய ஆள் கை தண்டிக்குப் போட்டோ எடுக்கணும். அதுக்கு என்ன லென்ஸ் வாங்கணும்?"

எங்கள் ஊரிலேயே முதல் பட்டதாரி நான். லென்ஸ் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கடையில் போய் எந்த லென்ஸைக் கேட்பது என்று மட்டும் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேங்கண்ணா" என்றேன். சோணைமுத்துவை அறிந்தது அப்படித்தான்.

சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஒன்பது வருடமாக அந்தக் கம்பெனியில், துணி பின்னும் நிட்டிங் மெஷின்களை முடுக்கிச் சரிபார்க்கும் பிட்டர். அவருக்கு வந்திருந்த வில்லங்கம் இது. ஏற்றுமதிக்குத் தைத்த குழந்தைச் சட்டைகளில் குண்டூசிமுனை அளவுக்கு ஓட்டைகள். தையல் ஊசி வெட்டியது என்றால் பழி ஓவர்லாக் டெய்லர் விஜயராணிக்கு. துணி ஓடும்போதே நூல் இழுத்து அறுந்தது என்றால் பழி மெஷினை முடுக்கிய சோணைமுத்துவுக்கு. மேனேஜர் செல்வக்குமார் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை வரைக்கும் பாப்பனுங்க. யாரு தப்போ அவங்க வேற எடம் பாத்துக்கலாம்."

சோணைமுத்து எல்லோரிடமும் "எம் மெஷின் சுத்தம்" என்றுதான் சொன்னார். உள்ளுக்குள் உறுதியில்லை. ஊசி வெட்டினால் நூலின் நுனி கத்தரித்ததுபோல மட்டமாக நிற்கும். இழுத்து அறுந்தால் எலிவால்போலக் கூம்பும். துணியின் மேல் நிறுத்தி இழைகளை எண்ணும் கவுண்டிங் கிளாஸில் பார்த்தார். காலையில் பார்த்தால் மட்டம், சாயங்காலம் பார்த்தால் வால். கண்ணை நம்புவதா, கையை நம்புவதா? கம்பெனி கேமராவில் இருந்த லென்ஸோ ஒரு பட்டனைப் படம் நிறையக் காட்டும், அதற்குமேல் கிட்டத்தில் போகாது.

நான் விசாரித்துச் சொன்ன, பழைய கேமரா வாங்கி விற்கும் தங்கவேலுவின் கடைக்கு வியாழக்கிழமை போனார். தங்கவேலு முதலில் எடுத்துக் காட்டிய புது மேக்ரோ லென்ஸ் நாலு மாதச் சம்பளம். அதைத் தொடக்கூட இல்லை.

"கம்மியில வேணும்னா இந்த மேனுவல் லென்ஸ் ரெண்டு இருக்குதுங்க. ஒண்ணு அம்பது எம்.எம்., ஒண்ணு இருவத்தெட்டு. போகஸ் கையிலதானுங்க திருப்போணும்."

"இதுல பெருசாக் காட்டுறது எது?"

"நேரா மாட்டுனா அம்பதுங்க. திருப்பி மாட்டுனா இருவத்தெட்டுங்க."

"திருப்பின்னா?"

"முன்பக்கத்தக் கேமராப் பக்கமா வெச்சு மாட்டறதுங்க."

"சட்டைய உள்வெளியாப் போட்ட மாதிரியா? அண்ணே, வெளயாடாதீக. நா ஏற்கெனவே கொழம்பிக் கெடக்கேன்."

சோணைமுத்து இருபத்தெட்டை எடுத்து, பழக்கதோஷத்தில், கவுண்டிங் கிளாஸ்போலத் தன் பனியன் ஓரத்தின் மேல் நிறுத்திக் குனிந்தார். ஒரே புகை. தலைகீழாகத் திருப்பி வைத்தார். லேசாகத் தூக்கினார். பனியன் இழை தேர்வடம்போல வந்து நின்றது.

"அதேதானுங்க!" தங்கவேலு சிரித்தார். "நாஞ் சொன்னா வெளையாட்டு, நீங்களே செஞ்சா வித்தையா?"

"சரி, இந்த வளையத்துல என்ன நம்பரு?"

"நம்பர் ஏற ஏற உள்ள ஓட்டை சிறுசாகுமுங்க."

"அட, நம்ம நூல் கவுண்ட்டு! நாப்பது முப்பதவிட மெல்லிசு." அந்தக் கடையில் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அது. "அப்பக் கடைசி நம்பர்ல வச்சா நல்லாத் தெரியும்?"

"ரொம்ப ஏத்துனா மங்கிருமுங்க."

புரிந்திருந்த அதுவும் போயிற்று. ஆட்டோ லென்ஸில் இந்த வளையம் இல்லை, திருப்பி மாட்டினால் அது கேமராவின் பேச்சைக் கேட்காது, அதனால்தான் மேனுவல் என்று தங்கவேலு விளக்கினார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். இருபத்தெட்டின் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. ஐம்பது பளிங்குபோல இருந்தது. இதை எடுப்பார், வைப்பார், அதை எடுப்பார். டீ இரண்டு தடவை வந்தது. கடைசியில், கண்ணால் கண்டதே போதும் என்று பூஞ்சையையே வாங்கிக்கொண்டு வந்தார்.

கம்பெனி கேமராவின் மூடியில் ஓட்டை போட்டு வளையம் ஒட்டி, லென்ஸைத் தலைகீழாக மாட்டியது அவருக்குக் கால் மணி நேர வேலை. படம் விழுவதுதான் பாடு. மூச்சுவிட்டால் புகை. இரும்பு இடுக்கியான பெஞ்ச் வைஸின் நகரும் தாடையில் துணியை ஒட்டி, போகஸுக்காகக் கைப்பிடியை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். டியூப்லைட் பத்தாமல் எல்லாவற்றையும் உச்சிவெயிலுக்குத் தூக்கிப்போனார். சாப்பாட்டு வேளையில் விஜயராணி அந்தப் பக்கம் வந்தாள். அவளும் சிவகங்கைப் பக்கம்தான்.

"என்னண்ணே, துணிக்கு எக்ஸ்ரேயா?"

"ஆமா, எலும்பு எங்கிட்டு முறிஞ்சுதுன்னு பாக்கேன்."

"எங்கிட்டு முறிஞ்சாலும் கட்டு எனக்குத்தான் போடுவாக" என்று டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் என் கம்ப்யூட்டரில் ஏழு ஓட்டைகளின் படங்களும் விரிந்தன. ஆறு எலிவால். ஒன்று மட்டம்.

"லென்ஸ் பொய் சொல்லுதோ? பூஞ்சையா இருக்குமோ?" என்றார். நல்ல நூலொன்றைக் கையால் இழுத்து அறுத்தார். இன்னொன்றைக் கத்தரித்தார். இரண்டையும் படமெடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அந்த ஆறும் இழுத்ததேதான். ஏழாவது மட்டும் ஏன் மட்டம்? எனக்கும் விளங்கவில்லை. மெஷினில் நூல் இழுவை கூடிப்போனது எந்த நாளில், எந்தத் திருகலில் என்று வெகுநேரம் விரலை மடக்கி யோசித்தார். பிடிபடவில்லை.

திங்கட்கிழமை படங்களை அவரே மேனேஜர் மேஜையில் வைத்தார். செல்வக்குமார் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க மேலயே நீங்க சாட்சி கொண்டாரீங்களா? இந்தா, இது ஒண்ணு வெட்டுன மாதிரித்தானுங்க தெரியுது?"

"மத்த ஆறு?"

"எனக்கே ஒண்ணும் புரியலீங்க" என்று மேனேஜர் படங்களைக் கவிழ்த்து வைத்தார். சொன்ன சொல்லை மட்டும் மாற்றவில்லை. அன்று சாயங்காலமே சோணைமுத்து ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விஜயராணி அதே கம்பெனியில் அதே மெஷினில் இருக்கிறாள். சோணைமுத்து இப்போது மண்ணரை என்ற ஊரில் ஆறு மெஷின் ஓடும் ஒரு நிட்டிங் யூனிட்டில் பிட்டராக இருக்கிறார்.