முழங்கால் தண்ணீரில் முழுகிய கதாநாயகி

டிவியில் புது சீரியல் வருவதற்கு முன்னால், இடியும் அழுகையுமாக ஒரு துண்டு போடுவார்களே, அதற்குப் பெயர் ப்ரோமோ. அதை வெட்டி ஒட்டுகிற ஆபீஸில்தான் என் மகளுக்கு வேலை. பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரியில் ரயில் பிடித்து, தினமும் சென்னைக்குப் போய் வருவாள். வேலை இன்னும் நிச்சயமாகவில்லை. தனியாக ஒரு ப்ரோமோ வெட்டிக் கொடு, ஜனங்களிடம் எடுபட்டால் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒன்று அவள் கைக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு ஏரிக்குப் போனவன். காற்று மாறினாலும் கவலைப்படுவேன், மாறாவிட்டாலும் கவலைப்படுவேன். இதில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. எதைப் பார்த்துக் கவலைப்படுவது என்றே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மச்சானும் வாசலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தோம். என் மனைவி நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். மகள் வந்து போனை எங்கள் முன்னால் நீட்டினாள்.

“பாரு நைனா. நீ எங்க கண்ண எடுக்கறன்னு நான் பாக்கறேன்.”

“ஆபீஸ் சமாச்சாரம் வெளிய காட்டலாமாம்மா?”

“நீ வெளியாளா? பாரு.”

கதாநாயகியின் சங்கிலி அறுந்தது. இடி இடித்தது. மாமியார்க்காரி மெதுவாகத் திரும்பினாள், மறுபடியும் திரும்பினாள். மகள் போனைப் பார்க்கவே இல்லை. எங்கள் முகங்களைத்தான் பார்த்தாள். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி எனக்கு வியர்த்தது. சங்கிலி அறுந்தபோதே என் கண் வலைக்குப் போய்விட்டது. அதை மறைக்க மறுபடி போனை உற்றுப் பார்த்தேன்.

“நடிக்காத நைனா,” என்றாள்.

கடைசியாக ஒரு காட்சி வந்தது. எங்கள் ஏரியிலேயே எடுத்தது. கதாநாயகி படகிலிருந்து விழுந்து, காப்பாத்துங்க காப்பாத்துங்க என்று கையை உதறிக்கொண்டு முழுகுகிறாள். அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, இறால் பிடிக்க வந்த ஒரு பொம்பளை முழங்கால் தண்ணீரில் நின்று கூடையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.

மச்சான் ஊசியைக் கீழே போட்டான். “இன்னா மாமா இது, எய்ந்து நின்னா முட்டிக்கு மேல நனையாதே.”

என் மனைவி நண்டுக் கையோடு ஓடிவந்தாள். “எங்க, இன்னொரு தபா போடு.” பார்த்தாள். “அடிப்பாவி, கூடைக்காரி திரும்பிக்கூட பாக்கல பாரு. தெனம் ஒருத்தி முழுகறாப்ல நிக்கறா.” மறுபடி போடச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடக் கிளம்பியவளை நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. “இதுக்குதான் மூணு பேரும் கண்ண எடுக்கல,” என்றாள்.

போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிற ஜனம், ஒன்றைப் பார்ப்பது ரெண்டு மூச்சு விடுகிற நேரம்தானாம். அதற்குள் பிடித்தால் உண்டு. எங்கள் ஏரியில் நல்ல இடத்துக்குப் பாடு வைத்திருக்கிறோம். இன்றைக்கு உன் முறை என்றால் நாளைக்கு என் முறை. டிவிக்காரர்களுக்கு அந்த முறை கிடையாது.

“எல்லா சேனலும் ஒரே எடத்துல, ஒரே நேரத்துல வல வுடறாங்க நைனா.”

“அப்ப மீனு யாரு?” என்றான் மச்சான்.

“நீதான் மாமா.”

முழுகுகிற காட்சியை ஆரம்பத்துக்குக் கொண்டுவரப்போவதாகச் சொன்னாள். நான் வலையைத் தள்ளி வைத்தேன். “தப்பத் தூக்கி முன்னாடி வெச்சா சீரியல்காரங்க சும்மா வுடுவாங்களாம்மா? ஊரே திட்டுமே.”

“திட்டறதுக்காவது பாப்பாங்க. பாக்காம போறவங்களதான் ஒண்ணும் பண்ண முடியாது.”

ஆபீஸில் அவளுடைய மேடம் பார்த்துவிட்டுச் சிரித்தாராம், போட்டுவிட்டார்கள். மறுநாளே மச்சான் போனில் வந்த வசவுகளை உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டான். “எய்ந்து நில்லுமானு ஒருத்தன் போட்டுகிறான் மாமா. கூடைக்காரிதான் கதாநாயகியானு ஒருத்தி கேக்கறா.” ஒவ்வொரு வசவும் மகளுடைய சீட்டைக் கிழிப்பதாக நான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் யாரோ அந்தத் துண்டைப் பார்த்துச் சிரித்தபோது, பெற்றவன் நான்தான் என்று தெரிந்துவிடுமோ என்று தூண் பக்கம் ஒதுங்கினேன்.

திங்கட்கிழமை ஏழரைக்குச் சீரியல் தொடங்கியது. யாரும் முழுகவில்லை. செவ்வாய் சமையல்கட்டிலேயே போனது. புதன்கிழமை எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. நான் செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டேன். “நாளைக்கு கண்டிப்பா வுழுந்துடுவா,” என்று என் மனைவி வந்தவர்களுக்கெல்லாம் உறுதி கொடுத்து அனுப்பினாள். முதல் நாள் காட்ட வேண்டியதை வெள்ளிக்கிழமைக்கு ஒளித்து வைத்து, வாரம் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். தெரிந்துதான் எல்லாரும் உட்கார்ந்தோம்.

வெள்ளிக்கிழமை அந்த ஏரி திரையில் வந்தது. படகு ஆடியது. வீடே முன்னால் சாய்ந்தது. அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மகள் தோளில் பையோடு நின்றிருந்தாள். டிவியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தபோது, நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

“ஆபீஸ்ல இன்னா சொன்னாங்க?” என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

“இருக்கச் சொல்ட்டாங்க நைனா.”

அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால் வீடு மொத்தமும், எய்ந்து நில்லுமா, எய்ந்து நில்லுமா என்று கத்தியது. என் மனைவியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. நான் திரும்புவதற்குள் கதாநாயகியைக் கரையேற்றிவிட்டார்கள்.

“வாரம் பூரா காத்துகினு இருந்துட்டு, வுட்டுட்டியேயா,” என்றாள் மனைவி.

அன்றைக்கு நண்டுக் குழம்பில் நான் மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன்.