விளிம்புக்கு ஒரு விரல் கீழே

என் மேசையில் ஓர் எனாமல் குவளை இருக்கிறது. வெள்ளை நிறம், விளிம்பில் நீலக் கோடு, கைப்பிடிக்குக் கீழே எனாமல் பெயர்ந்து இரும்பு தெரியும். இந்தக் குவளை ஒருமுறை அயர்லாந்துக்குப் போய் வந்தது. அதைக் கொண்டுபோனவர் என் அக்காவின் கணவர். கோலார் தங்கவயலில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்னும் இரும்புக் கூண்டை மேலே உட்கார்ந்து இயக்கும் வேலை. கீழேயிருந்து மூன்று முறை மணி அடித்தால், கேஜில் இருப்பது பாறையல்ல, மனிதர்கள் என்று அர்த்தம். அந்த மூன்று மணியைக் கேட்டு மாமா இன்ஜினை எடுத்தால் கேஜ் கிளம்பியதே தெரியாது என்பார்கள். அன்றைய ஷிப்டில் யார் டிரைவர் என்பதை ஆட்கள் தங்கள் வயிற்றை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

நான் வேறு ரகம். இங்குள்ள கனரக இயந்திரத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவன். ஒரு போல்ட் வாங்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாழ்க்கையில் நான் அதிகம் எழுதிய வார்த்தைகள் ‘அல்லது அதற்கு இணையானது’ என்பவை. கேட்ட பொருள் கிடைக்காவிட்டால் அதே அளவும் திறனும் உள்ள வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். இந்த வார்த்தைகளால் எந்த இயந்திரமும் நின்றுபோனதில்லை. ஆகவே உலகமே அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

மாமாவின் மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். சுரங்கம் மூடியதற்கு அடுத்த வருடம் பிறந்தாள். பிறக்கும்போதே மூளைக்கு ஏதோ நேர்ந்துவிட்டது. கழுத்து நிற்காது, முதுகு நிற்காது. பதினான்கு வயதில் பெங்களூரில் ஒரு சிகிச்சை மையத்தில் அவளைக் குதிரைமேல் உட்கார வைத்தார்கள். குதிரை நடக்க நடக்க அவள் முதுகு மெல்ல நிமிர்ந்தது. அன்று பாப்பா முதன்முதலாகத் தன் அப்பாவை மேலேயிருந்து கீழே பார்த்தாள், சிரித்தாள். ஆறு மாதத்தில் அந்த மையத்தை மூடிவிட்டார்கள். படுத்தே இருந்தால் நுரையீரல் தாங்காது, எப்படியாவது நிமிர்த்தி உட்கார வையுங்கள் என்றார் மருத்துவர். இதற்கென்றே பழக்கிய குதிரைகள் இங்கே கிடைக்கின்றன, செலவு என் பொறுப்பு என்று அயர்லாந்தில் வேலையிலிருந்த மாமாவின் மகன் எழுதினான். தங்கவயலின் மாரிகுப்பத்தில் இருந்த வீட்டுக்குப் பின்னால் மாமா லாயம் கட்டத் தொடங்கினார். “தங்கம் தோண்டுன ஊர்ல குதிரைக்குக் கொட்டாய் போடுறாரு பாரு” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் செங்கல் எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

கடவுச்சீட்டு, விசா, இறக்குமதி அனுமதி, அங்கும் இங்கும் குதிரையைத் தனிமையில் வைக்கும் காலம், இரத்தப் பரிசோதனை என எல்லாமே என் கைவேலை. குதிரைக்கு மூன்று பக்க விவரக்குறிப்பும் தயாரித்தேன். உயரம், வயது பத்துக்குள், பல், குளம்பு, கண் இரண்டும் பழுதின்றி. மாமா ஒரு பெட்டியில் இரண்டு சட்டையும் இந்தக் குவளையும் எடுத்துக்கொண்டார்.

நானும் கூடப் போனேன். இரண்டு வாரம் மழையில் லாயம் லாயமாக அலைந்தோம். நான் சான்றிதழ்களைப் படிப்பேன். மாமா சேணத்தின் மேல் துண்டைச் சுருட்டி வட்டமாக வைத்து, அதன் நடுவே குவளையை நிறுத்தி, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றுவார். “ஸ்லோ! மென்! நாட் ராக்!” என்பார். லாயக்காரர்கள் என்னைப் பார்ப்பார்கள். மனிதர்கள் ஏறியிருக்கிறார்கள், பாறையல்ல என்று நான் அதை ஆங்கிலத்திலேயே இன்னொருமுறை மொழிபெயர்ப்பேன். குதிரை கிளம்பும், தண்ணீர் சிந்தும். மாமா துண்டைப் பிழிந்துகொண்டு அடுத்த குதிரைக்குப் போவார்.

கடைசியில் ஒரு கிழவியின் பண்ணையில் சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று இருந்தது. வயது பதினாறு, வலது கண்ணில் பார்வை இல்லை. அது கிளம்பியது எனக்குத் தெரியவில்லை. வேலிக் கம்பங்கள் பின்னால் போனதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வளைந்து திரும்பி வந்து நின்றது. துண்டு காய்ந்தே இருந்தது. மாமா அதன் குருட்டுக் கண் பக்கமாகப் போய்க் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

“இதை விட மாட்டாங்க, மாமா. ஒரு கண்ணு இல்ல. சர்டிபிகேட்லயே அடிபட்டுடும்” என்றேன்.

“இன்னா மச்சான் சொல்றே? கண்ணு எதுக்கு? வழி நான் காட்ட மாட்டேனா?”

“ரூல்னு ஒண்ணு இருக்கு, மாமா.”

“உன் மூணு பக்கத்துல தண்ணி சிந்தக் கூடாதுன்னு எங்கனா போட்டு கீதா?”

இல்லை, போடவில்லை. அதே பண்ணையில் ஏழு வயதில் செம்பழுப்பு ஆண்குதிரை ஒன்று நின்றது. அதே பயிற்சி, அதே உயரம், இரண்டு கண், குறையில்லாத சான்றிதழ். இணையானது. குவளையிலிருந்து கொஞ்சம்தான் சிந்தியது. மாமா வெகுநேரம் மழையில் நின்றார். “படிச்சவன் நீ. நீ சொன்னா சரிதான்” என்றார். அவர் என்னோடு வாதாடியிருக்கலாம்.

ஊர் திரும்பிய பிறகு இறுதி விண்ணப்பத்தை நிரப்பினேன். ‘குதிரையின் அடையாளங்கள், குறைகள்’ என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. சாம்பல் குதிரையாக இருந்தாலும், வலது கண் பார்வையில்லை என்று அதில் எழுதினால் போதும். அதிகாரிகளுக்கு வேண்டியது குதிரைக்குத் தொற்றுநோய் இருக்கக் கூடாது என்பது, அவ்வளவுதான். விதிகளை முழுதாகப் படித்தேன், மறுபடியும் படித்தேன். ஒற்றைக் கண்ணைத் தடுக்கும் விதி என் தலைக்குள் தவிர வேறெங்கும் இல்லை. அந்தக் கட்டத்தில் ‘ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அப்படி ஒரு விதியே இல்லை என்பதை மாமாவிடம் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

செம்பழுப்புக் குதிரை வந்து இறங்கிய ஒன்பதாம் நாள் காலை பாப்பாவை அதன்மேல் உட்கார வைத்தோம். மாமா ஒரு பக்கம், நான் மறுபக்கம் இடுப்பைப் பிடித்திருந்தோம். முதுகு நிமிரத் தொடங்கிய அந்த நேரத்தில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ரயில் ஸ்டேஷனில் ஊதியது. குதிரை ஒரே ஒரு எட்டுத்தான் துள்ளியது. பாப்பா விழவில்லை. ஆனால் கழுத்து வெடுக்கென்று பின்னால் போய் வந்தது. அவள் போட்ட சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அதன்பிறகு குதிரையின் வாசனை பட்டாலே உடம்பு முழுதும் விறைத்துக்கொள்வாள். மறுபடி படுக்கைதான். அடுத்த மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கியது. பதினாறாம் பிறந்தநாளுக்கு அக்கா தைத்து வைத்திருந்த கவுனைப் போட்டுத்தான் கல்லறைக்குக் கொண்டுபோனோம்.

குதிரையை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். மாமா விற்கவில்லை. தினமும் காலையில் சேணம் கட்டித் துண்டைச் சுருட்டி, குவளையில் தண்ணீர் ஊற்றி, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டு ஓரமாக ஸ்டேஷன் வரை நடத்திப் போவார். “மூணு மணிடா, மூணு மணி. ஆளு இருக்குது” என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே நடப்பார். டீக்கடையில் சிரித்தார்கள். “இன்னா டிரைவரே, குதிரைக்கு ஷிப்டா?” என்றார்கள். “ஆமாய்யா, ஃபர்ஸ்ட் ஷிப்ட்” என்பார். சிந்திய தண்ணீரைத் திரும்ப ஊற்றிக்கொள்ளத் தோளில் ஒரு பாட்டிலும் தொங்கும்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒருநாள் நானும் கூட நடந்தேன். ஸ்டேஷன் வளைவில் ரயில் ஊதியது. குதிரையின் காது மட்டும் அசைந்தது. மாமா நின்று குவளைக்குள் எட்டிப் பார்த்தார். துண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“மச்சான், இன்னிக்கு சிந்தல.”

இந்த உலகத்தில் யாராவது என்னை ஓங்கி அறைய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான். அவர் அந்தத் தண்ணீரைக் குதிரைக்கே குடிக்கக் கொடுத்தார்.

மாமா போன வருடம் போய்விட்டார். சாமான்களை ஒதுக்கும்போது அக்கா இந்தக் குவளையை என் கையில் வைத்தாள். “உனக்குத்தான் கொடுக்கணும்னு சொல்லியிருந்தாரு. ஏன்னு கேட்டேன், சொல்லல” என்றாள். அந்த விதி இல்லாதது அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதை இனி எந்த அலுவலகத்தில் விண்ணப்பித்தும் அறிய முடியாது.

காலையில் மாரிகுப்பம் ரயில் ஊதும்போது எழுந்து சமையலறைக்குப் போகிறேன். விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நிரப்பிக்கொண்டு மேசைவரை நடக்கிறேன். பதினோரு எட்டு. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். இதுவரை ஒரு நாளும் சிந்தாமல் வந்து சேர்ந்ததில்லை.