வெளியே போனவள் திரும்ப வரலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கோயில் கூட்டம் இல்லை, கட்சிக் கூட்டமும் இல்லை. பாஸ்கெட்பால் கூட்டம்!

சிரிக்காதீர்கள். பந்தைக் கூடையில் போடுகிற விளையாட்டுக்கும், தாராவியில் இட்லி அவித்து விற்கிற எனக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதைத்தான் கேட்டேன், என் மருமகள் செல்வியிடம்.

"சும்மா வாங்க அத்தே. காலேஜ் பிள்ளைகளுக்குக் கோச்சா இருக்கிற அம்மா பேசுதாவ. அவிய டீமு பெரிய கப்பு ஜெயிச்சிருக்கு. உங்களுக்கு முன் வரிசையில சீட்டு சொல்லிருக்கேன்."

முன் வரிசை! அந்த ஒரு வார்த்தையில் என்னை மடக்கிவிட்டாள். பின்னால் உட்கார்ந்து யார் தலையையாவது பார்த்துக்கொண்டிருக்க நான் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. தெருவுக்கே தெரியும்.

ஆனால் நான் என்ன சின்னப் பிள்ளையா? அவள் எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாதா?

செல்வி கல்யாணில் வளர்ந்தவள். அங்கே காலேஜில் பாஸ்கெட்பால் ஆடியிருக்கிறாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் பெட்டியோடு ஒரு ஜோடி ஷூவும் வந்தது. அது அன்றைக்குப் பரண் ஏறியதுதான்... இறங்கவில்லை. இப்போது செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்க வருவாயா என்று கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலை காலை நேரத்தில்.

காலை நேரம்! இட்லிக்காரர் வீட்டில் அது என்ன நேரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நான் மாவைப் பதம் பார்த்துக் கரைப்பேன். செல்வி தட்டில் துணி விரித்து ஊற்றுவாள். இட்லி வேகும் கொப்பரையின் மூடியை நான்தான் திறப்பேன் – வேறு யார் கையும் படக்கூடாது. சட்னியும் நான்தான். விடிந்ததும் என் மகன் முருகன் டப்பாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஹாரனை அமுக்கியபடி சயான் பக்கம் போய்விடுவான். அவிப்பது பெண்கள், விற்பது ஆண்கள். தாராவியில் இட்லி போடுகிற எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். இதில் செல்வி போய்விட்டால்?

அவள் தன் புருஷன் முருகனிடம் கேட்டாள். "எம்மாட்ட கேளு" என்று நழுவிவிட்டான். என்னிடம் கேட்டாள். "பாக்கலாம்" என்றேன்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் இந்த முன் வரிசை சீட்டு!

சரி, போவது என்று ஆகிவிட்டது. வெறுங்கையோடு போக முடியுமா? தாதரில் ஒரு பொன்னாடை வாங்கினேன். நல்ல அரக்கு நிறம், ஜரிகைக் கரை. எங்கள் தெருப் பெண்கள் சார்பில் மேடையேறிப் போடுவதாக ஏற்பாடு.

ஆனால் பொன்னாடை வாங்கும் யோசனை எனக்கு மட்டுமா வரும்? கூட்டம் நடத்திய சங்கத்தின் தலைவர் போட்டார். செயலாளர் போட்டார். பொருளாளர் போட்டார். முன்னாள் தலைவர், முன்னாள் செயலாளர்... போட்டோக்காரர் "ஒன் மோர்" என்றதும் முதலில் போட்டவரே எடுத்து மறுபடியும் போட்டார். மேடையில் இருந்த ஃபேனோ ஓடவில்லை. அந்தக் கோச் அம்மா – குட்டையான, முடியை ஒட்ட வெட்டிய பெண் – கழுத்துவரை துணியாக வேர்த்து நின்றாள். கீழே இன்னும் வரிசை. அதில் நான் வேறு.

ஹாலை எட்டு மணிக்குக் காலி செய்ய வேண்டுமாம். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். பொன்னாடைகளுக்குள் கையை விட்டு எதையோ துழாவினாள்.

பீ...ப்!

விசில்! ஹாலே அதிர்ந்துவிட்டது. மைக்கில் 'பெருமதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்தவர் 'பெரு'விலேயே நின்றுவிட்டார். பொன்னாடையோடு படியேறியவர் அப்படியே இறங்கினார். எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன்... ஒரு பேச்சாளரை இவ்வளவு சுருக்காக யாரும் உட்கார வைத்து நான் பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்கோங்கோ. இனிமே நான் பேசட்டுமா?" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. என் பொன்னாடை பைக்குள்ளேயே தங்கிவிட்டது என்கிற வருத்தம் இருந்தாலும்.

பேச்சு எப்படி? கப்பைப் பற்றிப் பேசவே இல்லை. பெஞ்சைப் பற்றிப் பேசினாள்! ஆடாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தப் பெஞ்சு. கடைசி ஆட்டத்தில் அவளுடைய சிறந்த ஆட்டக்காரிக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. வெளியே எடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் அப்பாவே எழுந்து கத்தினாராம். உள்ளே அனுப்பியது அதுவரை அதிகம் ஆடாத ஒரு பெண்ணை. அவள் ஒரு கூடை கூடப் போடவில்லை. எதிர்க் கட்சியின் கெட்டிக்காரியை மறித்துக்கொண்டே நின்றாள், அவ்வளவுதான். வெளியே வந்தவள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வருவதற்குள் எதிராளிகள் சோர்ந்துவிட்டார்கள்.

செல்வி ஒரு பக்கமும் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. இப்படியே விட்டால் நாளைக்குச் செம்பூர்தான்...

கேள்வி கேட்கலாம் என்று மைக் வந்தது. முன் வரிசையாயிற்றே! வாங்கிக்கொண்டேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இந்தப் பத்தியை எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகிறது, அதனால்தான் இது வாரப் பத்தி. ஆனால் மைக் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிவியில் கிரிக்கெட் பார்த்திருக்கிறேன். அவுட் என்றால் அவுட், போய் உட்கார வேண்டியதுதான். அதை வைத்தே ஒரு கேள்வி போட்டேன். அந்த அம்மா வாயாலேயே செல்விக்குப் பதில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று!

"ஏம்மா, ஆட்டத்த விட்டு வெளிய போயிட்டா, போனது போனதுதான? அதுக்கப்புறம் எத்தன வருசம் கழிச்சு நெனச்சாலும் உள்ள வர முடியுமா?"

அவள் சிரித்தாள். "எங்க கேம்ல அப்படிக் கிடையாது மாமி. வெளில போனவ எத்தனை தடவை வேணும்னாலும் திரும்ப உள்ள வரலாம். அஞ்சு ஃபவுல் பண்ணினா மட்டும்தான் வர முடியாது."

"ஃபவுலுன்னா?"

"தப்பு, மாமி."

பக்கத்திலிருந்து செல்வி என் காதில் குனிந்தாள். "கல்யாணம் பண்ணினத ஒரு தப்புன்னே வச்சாலும், எனக்கு இன்னும் நாலு இருக்குல்லா அத்தே?"

மைக் என் கையில். அது அணையவில்லை.

ஹால் முழுக்கச் சிரிப்பு! திரும்பிப் பார்த்தேன். எங்களோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்த முருகன் ஃபேனை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோச் அம்மா விடவில்லை. "நீங்க என்ன பண்றேள் மாமி?"

"இட்லி யாவாரம். மாவு, கொப்பரை, சட்னி... எல்லாம் நாந்தான்." கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன்.

"லீவு என்னிக்கு?"

"லீவா?"

"ஒருத்தியே முழு ஆட்டமும் ஆடினா எல்லாரும் அவளுக்குக் கை தட்டுவா. நான் அந்த டீம் கோச்சைத்தான் திட்டுவேன். பெஞ்ச்ல ஆள் இருக்கச்சே ஏன் இறக்கலைன்னு கேட்பேன். உங்காத்துல கோச் யாரு மாமி?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"வேற ஆரு... அதுவும் நாந்தான்!"

கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கூட்டம் முடிந்து மூன்று பேரும் கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில் நடந்து வந்தோம். மறுநாள் திங்கட்கிழமை. செல்வியின் நடையில் அது தெரிந்தது. ரொம்ப தூரம் வந்தபிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பொன்னாடை அப்படியே இருக்கே அத்தே. தாதர்ல திரும்பக் குடுத்துருவமா?"

"குடுக்காண்டாம். பீரோவுல வையி. உன் டீமு கப்பு வாங்கட்டும், உனக்குப் போடுதேன்."

செல்வி நின்றுவிட்டாள். பையை என் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நானும் மேலே எதுவும் சொல்லவில்லை. 'பாக்கலாம்' என்ற வாயாலேயே உடனே 'சரி' என்று சொல்ல முடியுமா? எனக்கென்று ஒரு கௌரவம் இல்லையா?

முருகன்தான் பதறினான். "எம்மா, அப்பக் காலைல மாவு ஆரு ஊத்துவா?"

"பெஞ்சுல ஒருத்தன் சும்மா உக்காந்திருக்காம்லா."

"ஆரு?"

"நீதாம்ல!"

"ஆம்பள ஊத்துனா ஊரு சிரிக்கும்மா..."

"இட்லி சிரிக்குமால? அதுக்குத் தெரியுமா, ஊத்துனது ஆம்பளையா பொம்பளையான்னு?"

இப்போது செல்வி விடியும் முன்பே ஷூ போட்டுக்கொண்டு சயானில் பஸ் ஏறுகிறாள். ஷூ கொஞ்சம் கடிக்கிறதாம். சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம்! முருகன் மாவு ஊற்றுகிறான். முதல் நாள் துணியை நனைக்க மறந்தான், இட்லி துணியை விட்டு வர மறுத்தது. அடுத்த நாள் ஒரு தட்டு மாவைக் கீழே கொட்டினான். கொப்பரை மூடியை என்னைக் கேட்காமல் திறந்தது தனி. ஒவ்வொன்றுக்கும் நான் "ஃபவுல்!" என்று கத்துவேன். அவன் விரல் விட்டு எண்ணிக்கொள்வான்.

ஐந்தாவது தப்பு வந்தால் வெளியே போய்விடலாம் என்று காத்திருக்கிறான், எனக்குத் தெரியாதா?

நான் எண்ணுவதையே நிறுத்திவிட்டேன்.