கத்தி திறக்கும் நகம்

வலது கட்டைவிரல் நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்து நெம்பினார் காயில்காரர். மடக்குக் கத்தி வாயைத் திறக்கவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் நெம்பினார். மேசையில் குடல் சரிந்த மின்விசிறி ஒன்று காத்துக் கிடந்தது.

எரிந்துபோன விசிறிக்கும் மோட்டாருக்கும் புதிதாகச் செப்புக்கம்பிக் காயில் சுற்றுவது அவர் பிழைப்பு. வீட்டின் முன்னறைதான் பட்டறை. கம்பி நுனியின் மேல்பூச்சை அந்தக் கத்தியால்தான் சுரண்டுவார். மரப்பிடி, ஒரே அலகு. பொத்தானும் கிடையாது, பூட்டும் கிடையாது. அதைத் திறப்பதற்கென்றே ஒரு நகம் வளர்த்தார். அந்த நகத்தைக் கண்டால் தெருவிலுள்ள பூட்டுகளெல்லாம் தாமாகவே திறந்துகொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவரும் அவர்தான். மனைவிக்கோ அது தீராத தலைவலி. "மனுஷன் நகமா இது? கழுகு வந்து இரவல் கேக்கும்!"

வயதுக்கு நகத்தின் மேல் என்ன கோபமோ, சில மாதமாக வளர்வதும் பிளப்பதுமாக இருக்கிறது. முதுகு கெஞ்சியது, கண் மங்கியது. அதற்கெல்லாம் அசராத மனிதர் இதற்கு அசந்துபோனார். "இந்தக் கத்திய என்னிக்குத் தொறக்க முடியலையோ, அன்னிக்குக் கடைய மூடிடுவேன்" என்று வாலிப வயதிலிருந்து ஜம்பமடித்து வைத்திருக்கிறாரே!

மகள் அதை மறக்கவில்லை. "நான் வாங்கித் தந்த புதுக் கத்திய எடுங்கப்பா. அமுக்குனா கத்தரி, ரம்பம், பல்லு குத்துற ஊசி, எல்லாம் வருது."

"எல்லாம் வருதும்மா, கத்தியத் தவிர."

"அப்ப இதைத் திருப்புளியால நெம்புங்க."

"சொந்த வீட்டுக்குள்ள கதவ ஒடைச்சுக்கிட்டா போறது?"

"அப்ப நீங்க சொன்னபடியே கடைய மூடுங்க."

"உடம்பு அலுத்துத்தான் போச்சு," என்றார் அவர் விசிறியிடம். "ஆனா இதையும் விட்டுட்டு நாள் முழுக்க என்ன பண்றது?"

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இங்க குடுங்க." அவளும் நெம்பினாள். வாராவாரம் ஒட்ட வெட்டுகிற நகம், வழுக்கியது. "கல்லுளிமங்கன்! அப்படியே உங்க ஜாடை."

மகள் கிளம்பிப் போனாள். அவர் விசிறியின் மேல் துணியைப் போர்த்திவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்.

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து நகவெட்டியை எடுத்தாள். இடது கை முடிந்தது. வலது கையில் சுண்டுவிரலில் ஆரம்பித்து ஆள்காட்டி விரல்வரை வந்தாள். கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நகவெட்டியை டப்பாவில் போட்டு மூடினாள்.