கோமதியின் கையில் விழுந்த தடம்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறையாது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். என் ஓரகத்தி கோமதி சேர்ந்து நாலு வருஷம்தான், அவளைச் சூபர்வைசர் ஆக்கினார்கள். எனக்குப் பிரஷராம், டென்ஷன் தாங்க மாட்டேனாம். ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், படுத்த உடனே அவள் குறட்டை கேட்கும். அந்த வேலை எனக்குக் கிடைக்காமல் போனதைவிட அவளுடைய அந்தத் தூக்கம்தான் என் வயிற்றை எரித்தது.

பிரஷருக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் எட்டு புள்ளி மூன்று. "தூங்கறப்ப பிரஷர் இறங்கணும்மா, உனக்கு இறங்குதான்னு பாக்கணும்" என்று டாக்டர் ஒரு மிஷினைக் கட்டி அனுப்பினார். இடுப்பில் பெட்டி, இடது கையில் பட்டை, அரை மணிக்கு ஒரு முறை அதுவே காற்றடித்து இறுக்கி அளக்கும்.

பன்னிரண்டு மணி வரை பொறுத்தேன். அந்தப் பக்கம் குறட்டை, இந்தப் பக்கம் இறுக்கல். "போய் அவள இறுக்கு" என்று சொல்லி, பெட்டியோடு கழற்றி நடுச்சுவர் ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கிப்போனேன்.

காலையில் குழாயடியில் கோமதி இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ராத்திரி பூரா யாரோ கையப் புடிச்சி இறுக்கி இறுக்கி வுட்ட மாதிரி இருந்துச்சிக்கா." முழங்கைக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குச் சிவந்த தடம்.

"கொசு கடிச்சிருக்கும், போடி."

"வளையல் மாதிரி கடிக்கிற கொசுவா? உங்க ரூம்ல வளக்கிறீங்களா இன்னா?"

மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டாக்டர் அது அளந்த தாளைக் காட்டினார். "பன்னெண்டு வரைக்கும் ஏறியே இருக்கு. அப்புறம் அழகா இறங்கியிருக்கு பாரு, இப்படித்தான் தூங்கணும்."

"அப்ப அது ஆணில தொங்கினு இருந்துச்சி சார்."

சிரித்தார். "கையில இல்லன்னா எர்ரர்னுதாம்மா வரும்."

எட்டு மாதம் ஆகிறது. என் பிரஷர் இப்போது ராத்திரியில் இறங்குகிறது, மாத்திரையால் என்கிறார்கள், இருக்கட்டும். கோமதிக்குத்தான் தூக்கமில்லை. போன வாரம் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்தாள்.

"யூரிக் ஆசிட்னா இன்னாக்கா? உங்களுக்கும் இருந்துச்சில்ல?" என்று சீட்டை நீட்டினாள்.

எட்டு புள்ளி மூன்று.

"முடில, சூபர்வைசர் வேலைய வுட்டுடறேன். உங்களுக்குத்தான் தருவாங்க."

நான் ஆசைப்பட்டது அதைத்தான். அன்றைக்கே அந்த ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். ஆனாலும் ராத்திரி விழிப்பு வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நடக்கிற சத்தம் கேட்கிறது. அரை மணிக்கு ஒரு முறை நிற்கிறது. ஒரு பட்டை இறுக்கி விடுகிற நேரம். பிறகு மறுபடி நடக்கிறாள்.