மில்லர்புரத்தில் ஒரு மாஸ்டர், புன்னைக்காயலில் ஒரு வள்ளம்

கிள்ளானில் இருக்கும் தோழிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "தூத்துக்குடிக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறதே, முத்து வாங்கினாயா?" அம்மாக்களே, முத்து வாங்கவில்லை. ஒரு ஜிம் மாஸ்டரையும் ஒரு பார்ட்னரையும் தேடிப் பிடித்தேன். வெளிநாட்டில் முத்து கிடைப்பதைவிட இது ரொம்பக் கஷ்டம். நம் ஆட்கள் யாராவது வேலை மாறி இந்தப் பக்கம் வந்தால் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் குமார் துறைமுகத்தில் கிரேன் பொருத்தும் பொறியாளர். அவர் வேலைக்காகத்தான் மலேசியாவிலிருந்து இங்கே வந்தோம். வந்த புதிதில் அவர் அலுவலக நண்பர்கள் எங்களைப் புன்னைக்காயலுக்கு அழைத்துப் போனார்கள். தாமிரபரணி கடலில் சேரும் மீனவர் கிராமம். சந்தியாகு அண்ணன் என்பவர் தன் ஃபைபர் வள்ளத்தில் ஏற்றி ஆற்றுவாய்ப் பக்கம் கூட்டிப் போனார். தண்ணீரைப் பார்த்ததும் நான் குதித்துவிட்டேன். நீச்சல் எனக்கு நன்றாகவே வரும். திரும்ப வள்ளத்தில் ஏறத்தான் வரவில்லை.

விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன். கால் உதைத்தேன். கை என் பேச்சைக் கேட்கவே இல்லை. கடைசியில் மூன்று பேர் சேர்ந்து என் இரண்டு கையையும் இடுப்புத் துணியையும் பிடித்து இழுத்தார்கள். கரையில் யாரோ "ஐலசா!" என்று குரல் கொடுக்க, நின்றிருந்த அத்தனை பேரும் சேர்ந்து "ஐலசா!" போட்டார்கள். ஒரு புண்ணியவான் அதைப் படம் எடுத்து, அது அன்றைக்கே குமாரின் அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. பாரம் தூக்குவதே தொழிலாக இருக்கும் மனிதர் என்ன செய்ய வேண்டும்? மனைவிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். இவர் வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு, "பிடித்த இடம் எல்லாம் சரிதான், பேலன்ஸ் நன்றாக இருக்கிறது" என்றார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். ஊருக்குத் திரும்புவதற்குள் அதே வள்ளத்தில், யார் கையும் படாமல், நானே ஏறிக் காட்டாவிட்டால் நான் தேவி இல்லை.

எங்கள் வீடு மில்லர்புரத்தில். பக்கத்து வீட்டம்மாவிடம் நல்ல டிரெய்னர் வேண்டும் என்றேன். "மாஸ்டர்னு கேளுங்க, எல்லாருக்கும் தெரியும்" என்றார். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டோ ஏறினேன். நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"அண்ணே, இந்த ஊர்ல நல்ல மாஸ்டர் யாரு?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! தூத்துக்குடியில மாஸ்டருக்கா பஞ்சம்? நம்ம மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு. கையப் பாக்கணுமே! அவர் அடிச்சார்னா தெருமுனை வரைக்கும் சத்தம் கேக்கும்."

அடிப்பாரா என்று கொஞ்சம் பயம் வந்தது. கண்டிப்பான ஆள் போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். "வீட்டுக்கு வந்து செய்வாரா?"

"கல்யாணம், காதுகுத்துன்னா வருவாரு. எத்தனை பேருக்கு?"

"எனக்கு மட்டும்தான். ஆரம்பத்துல மூணு செட். போகப் போக அஞ்சு, ஆறு செட் ஆக்கிடலாம்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த மரியாதை எனக்கு அப்போது புரியவில்லை. "தெனமுமாக்கா?" என்று கேட்டார். வாரத்துக்கு ஐந்து நாள் என்றேன். அவர் வண்டியை இன்னும் வேகமாக விட்டார்.

எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு இறக்கிவிட்ட இடம் பரோட்டாக் கடை. வாசலில் பெரிய கல். அதன் பின்னால் மலை போல ஒரு மனிதர் மாவைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. ஆட்டோக்காரர் பொய் சொல்லவில்லை. "வாங்கக்கா, பொரிச்சதா, சாதாவா?" என்றார் மாஸ்டர். "மூணு செட்டுக்குச் சொல்லுதாங்க" என்று ஆட்டோக்காரரே எனக்காகச் சொல்லிவிட்டுப் போனார். இங்கே இரண்டு பரோட்டா ஒரு செட்.

வந்ததற்கு இரண்டு செட் பொரித்த பரோட்டா சாப்பிட்டேன். நம் ரொட்டி சானாய்க்கு நான் துரோகம் செய்ய மாட்டேன், ஆனாலும் அந்தச் சால்னாவை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிட்டபோது கொஞ்சம் தடுமாறிவிட்டேன். பணம் கொடுக்கும்போது வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். பரோட்டா மாஸ்டர் சிரித்த சிரிப்பில் கல்லே ஆடியது. "நான் காலையில போற ஜிம்மு உங்க மில்லர்புரத்துலதான்க்கா இருக்கு. தங்கதுரை மாஸ்டர். நான் அனுப்புனேன்னு சொல்லுங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லாதீங்க, இங்கன வந்து ஒரு வாரம் சிரிப்பாரு."

என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அந்த ஜிம் இருந்தது. ஓர் இரும்புக் கடைக்கு மேலே முதல் மாடி. பெண்களுக்குக் காலை பத்தரை முதல் பன்னிரண்டு. மாதம் எண்ணூறு ரூபாய். தங்கதுரை மாஸ்டர் ரொம்ப மரியாதையான ஆள். பெண்கள் இருக்கும்போது பத்தடி தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார். என் வள்ளத்துக் கதையை முழுசாகக் கேட்டார். சிரிக்கவில்லை. "மொதல்ல இழுக்கணும், நெஞ்சு விளிம்புக்கு மேல வந்ததும் அமுக்கணும். ரெண்டும் வேற வேற தசை. செஞ்சிரலாம். ஆனா பார்ட்னர் இல்லாம பெரிய கம்பியத் தொடக் கூடாது. கம்பி நெஞ்சுல விழுந்தா நான் ஓடிவந்து தூக்க முடியாது. ஒரு லேடியக் கூட்டிட்டு வாங்க."

பார்ட்னரை எங்கே தேடுவது? பக்கத்து வீட்டம்மா முட்டி வலி என்றார். மாடி வீட்டுப் பெண் வருகிறேன் என்று சொல்லி, வந்து, கண்ணாடி முன் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரமே எனக்குப் பார்ட்னர் கிடைத்தது மளிகைக் கடையில். ஓர் அம்மா இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தானே தூக்குவேன் என்று கடைக்கார அண்ணாச்சியிடம் மல்லுக்கு நின்றார். தூக்கவும் தூக்கினார். தூக்கி என் காலில் போட்டார்.

ருகையா லாத்தா அப்படித்தான் அறிமுகமானார். காயல்பட்டினத்துக்காரர், மகளின் கல்லூரிக்காக மில்லர்புரத்தில் வீடு எடுத்திருக்கிறார். காயலில் அக்காவை லாத்தா என்பார்கள். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் எனக்கும் லாத்தா. கணவர் தோஹாவில். அவர் அங்கே ஜிம்முக்குப் போய், கையை மடக்கி மடக்கிப் படம் அனுப்புகிறாராம். "அடுத்த லீவுக்கு வரட்டும்ளா. மேசையில கைய வச்சு மச்சான் கைய மடக்கிக் காட்டுதேன்" என்றார் லாத்தா. அரிசி மூட்டையின் ரகசியம் அதுதான். என் கால் வீக்கம் வடிந்ததும் ஜிம்முக்குக் கூட்டிப் போனேன்.

ஒரு மொழிச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் நாம் எதற்கெடுத்தாலும் "லா" போடுவோம் இல்லையா? லாத்தா அதைக் கேட்டுவிட்டு, இந்த ஊரில் பெண்களைக் கூப்பிடும் "ஏளா"வை நான் சொல்ல முயன்று தோற்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "லா இல்லளா, ளா. நாக்க மடி" என்று மாதக்கணக்கில் திருத்தினார். நான் விளக்கம் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

லாத்தாவிடம் ஒரே ஒரு குறை. நான் பெஞ்சில் படுத்துக் கம்பியைத் தூக்கும்போது அவர் தலைமாட்டில் நின்று, கம்பிக்குக் கீழே கையை வைத்திருக்க வேண்டும். தொடக் கூடாது. நான் சிரமப்பட்டு நிறுத்தும்போதெல்லாம் கம்பி தானாக மேலே போகும். "லாத்தா, தொட்டீங்களா?" என்றால், "நான் தொடவே இல்லளா! நீதான் தூக்குன!" என்று சாதிப்பார். இரண்டு மாதம் நானும் நம்பி, குமாரிடம் பீற்றிக்கொண்டேன். ஒரு நாள் மாஸ்டர் பத்தடி தள்ளியிருந்து கத்தினார்: "லாத்தா! அவங்க கீழ படுத்து மூச்சு மட்டும்தான் விடுதாங்க. வெயிட்டு பூரா நீங்கதான் தூக்குதீங்க!"

எனக்கு வந்ததே கோபம். லாத்தா அசரவில்லை. "மனசு விட்டுரக் கூடாதுல்லாளா" என்றார். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் லாத்தாவின் கைதான் உரமேறியிருந்தது. எனக்கு எல்லாம் முதலிலிருந்து.

மழைக்காலம் முழுக்க உழைத்தேன். மாசியில் கடல் அடங்கியதும் மாஸ்டர் "போயிட்டு வாங்க" என்று உத்தரவு கொடுத்தார். குமாரின் வேலை முடியவும் இரண்டே மாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். புன்னைக்காயல் கத்தோலிக்கர் ஊர், ஞாயிறன்று கடலுக்குப் போக மாட்டார்கள், வள்ளம் சும்மா இருக்கும். குமாரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். லாத்தாவும் நானும் மதியம் இரண்டு மணிக்குத் திருச்செந்தூர் பேருந்தில் ஏறி ஆத்தூரில் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோ. உப்பளங்களும் வாழைத் தோட்டங்களும் மாறி மாறி வரும் சாலை. எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

சந்தியாகு அண்ணன் என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "ஐலசா அக்காவா! வாங்க, வாங்க." வள்ளத்தின் பக்கவாட்டில் பழைய டயர் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "நீங்க வாரீங்கன்னு போன்ல சொன்னதும் கட்டிப்போட்டேன். கால் வச்சு ஏறிக்கிடலாம்." நல்ல மனுஷர். அவிழ்க்கச் சொன்னேன். "போன தடவ எடுத்தத ஊரே பாத்திட்டு. இதையும் எடுத்துருவோம்" என்று தன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தின் முன்பக்கம் போய் நின்றார்.

லாத்தா வள்ளத்துக்குள் எனக்கு நேராக முட்டி போட்டு உட்கார்ந்தார். ஒப்பந்தம் தெளிவு. நான் "மாஸ்டர்!" என்று கத்தினால் மட்டும் என் சட்டையின் பின்கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடவே கூடாது. மூன்று முறை சத்தியம் வாங்கினேன்.

குதித்தேன். முதல் முயற்சியில் முகவாய் விளிம்பில் மோதியது. இரண்டாவதில் நெஞ்சு வரைக்கும் வந்து வழுக்கினேன். மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீரில் மிதந்தபோது அழுகையே வந்துவிட்டது. இத்தனை மாதமும் வீணா? மூன்றாவது முறை இழுத்தேன், நெஞ்சு மேலே வந்தது, அமுக்கினேன். கை நடுங்கியது. அவ்வளவுதான், விழப் போகிறேன் என்று நினைத்த நேரத்தில் பின்கழுத்தில் யாரோ பிடித்து இழுத்தது போல இருந்தது. அடுத்த நொடி வள்ளத்துக்குள் பிடிபட்ட மீன் போலக் கிடந்தேன்.

"ஏறிட்டளா!" என்று லாத்தா கூவினார்.

"நீங்க இழுத்தீங்க."

"நான் தொடவே இல்லளா!"

அதே வார்த்தை, அதே குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஜிம்முலயும் இதையேதான் சொன்னீங்க! ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, சும்மா இருக்க முடியலையா?" என்று கத்தினேன். லாத்தாவின் முகம் சுருங்கிவிட்டது. அல்லாஹ் மேல் ஆணையிட்டார். நான் திரும்பிக்கொண்டேன். ஆத்தூரில் பேருந்துக்கு நின்றபோது வாழைப்பழம் வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல் இரண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பேருந்தில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

வரும் வழியில் பேச ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு வந்தேன். அதனால் தகவல்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து புன்னைக்காயல் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பேருந்துக்கு ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய், ஆத்தூரிலிருந்து ஆட்டோ இருநூறு. வள்ளத்துக்கு நான் கொடுத்தது ஆயிரம், டீசல் உட்பட. அங்கே சுற்றுலாப் படகு என்று எதுவும் கிடையாது, தெரிந்தவர் மூலமாகத்தான் கேட்க வேண்டும். ஞாயிறு காலையில் கோயிலில் பூசை இருக்கும், மதியத்துக்கு மேல் போங்கள். ஆற்றுவாயில் நீரோட்டம் பொல்லாதது. ஊர்க்காரர் துணையில்லாமல் யாரும் குதிக்காதீர்கள். ஜிம் வேண்டுமென்றால் "ஜிம் மாஸ்டர்" என்று முழுசாகச் சொல்லுங்கள். பசியாக இருந்தால் வெறும் "மாஸ்டர்" போதும்.

திங்களும் செவ்வாயும் நான் ஜிம்முக்குப் போகவில்லை. லாத்தாவும் போகவில்லை என்று மாஸ்டர் போன் செய்து வருத்தப்பட்டார். புதன்கிழமை சந்தியாகு அண்ணனிடமிருந்து வீடியோ வந்தது. "நெட்டு தீந்திட்டுக்கா, அதான் லேட்டு" என்று கூடவே குரல் பதிவு.

பாதித் திரையை அண்ணனின் கட்டைவிரல் மறைத்திருந்தது. மீதியில் விளிம்பைப் பிடித்த என் இரண்டு கை, அப்புறம் என் தலை, வாய்விட்டுச் சொல்ல முடியாத சில சத்தங்கள். நெஞ்சு மேலே வருகிறது. கை நடுங்குகிறது. என் முதுகுக்கு மேலே ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம். லாத்தா எனக்கு நேராகத்தான் முட்டி போட்டிருக்கிறார், ஆனால் இரண்டு உள்ளங்கையாலும் தன் முகத்தை இறுக்கப் பொத்திக்கொண்டிருக்கிறார். நான் உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுக்கிறார்.

எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று தெரியவில்லை. யாரும் இழுக்கவில்லை, பின்கழுத்தில் பிடித்தது போல இருந்தது என் பிரமை. ஏறியது நான்தான். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் லாத்தா ஆணையிட்டதுதான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் பரோட்டா மாஸ்டரிடம் போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு லாத்தா வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை, பொட்டலத்தைத்தான் பார்த்தார்.

"எத்தன செட்டு?"

"மூணு."

"வீடியோ வந்துச்சாக்கும்?"

"வந்துச்சு. நீங்க தொடலை லாத்தா. என்னை மன்னிச்சிடுங்க லா."

"ளா" என்று திருத்தினார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, கதவை நன்றாகத் திறந்துவிட்டுச் சொன்னார்: "நீ நடுங்கயில கை தானா வந்துச்சுளா. அத அடக்கத்தான் ரெண்டு கையையும் எடுத்து மூஞ்சியில வச்சுக்கிட்டேன். அரிசி மூட்டையத் தூக்குனது கூட இம்புட்டுக் கஷ்டமா இல்ல."