பேச்சியம்மாள் கேட்காத இடமாற்றம்

கேரளாவில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் யூனியன் கன்வீனராக இருந்தேன். வேலைக்காரர்கள் தமிழ், லேபர் ஆபீசர் மலையாளம், நடுவில் நான். என் கைக்கு வந்த பராதி, அதாவது புகார், எதுவும் இரண்டாம் தடவை ஆபீஸ் படி ஏறாது என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆசை. தேய்த்த வெள்ளைச் சட்டை இல்லாமல் ஆபீசுக்குப் போகமாட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய் எடுப்பு சீசன். சாயங்காலம் எடை போடும் கொட்டகையில் சூப்பர்வைசர் பேச்சியம்மாளின் பையை எல்லோர் முன்னாலும் தரையில் கொட்டினார். தூக்குவாளியும் ஒரு துண்டும் விழுந்தன. ஏலக்காய் ஒன்றுகூட இல்லை. "இன்னைக்குத் தப்பிச்சுட்ட" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேச்சியம்மாள் போடிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான். மலையாளம் பிடிபடவில்லை. பராதி கொடுக்க நான்தான் அவளை லேபர் ஆபீசரிடம் கூட்டிப்போனேன். அங்கே அவள் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாரும் பாக்கத்தான பையக் கொட்டுனாரு? அதே எடத்துல, எல்லாரும் பாக்க, நான் திருடலன்னு அவரு வாயால சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்."

பக்கத்தில் தோட்ட மேனேஜர் உட்கார்ந்திருந்தார். இதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கேஸ் இழுக்கும் என்று எனக்குத் தோன்றியது. "மனசு கஷ்டப்படுகிறாள். தோட்டத்திலேயே வேறு டிவிஷனுக்கு மாற்றினால் போதும் என்கிறாள்" என்று மலையாளத்தில் சொன்னேன். ஆபீசர் மளமளவென்று எழுதினார். நான் விரல் வைத்த இடத்தில் பேச்சியம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

"சொல்லிட்டீங்களாண்ணே?"

"எல்லாம் சொல்லியாச்சு. நீ போம்மா."

ஒரு வாரத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் முழுக்க ஒரே பேச்சு. தப்பு செய்யாதவள் எதற்குத் தானாக வேறு டிவிஷன் கேட்டுப் போகிறாள்? புது இடத்திலும் அவளோடு சேர்ந்து காய் எடுக்க யாரும் வரவில்லை. அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் எப்பண்ணே வேற டிவிஷன் கேட்டேன்?"

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"அந்தாளு பையத்தாண்ணே கொட்டுனாரு. திருடின்னு எங்கிட்டயே கையெழுத்து வாங்கினது நீங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவளுக்காக எவ்வளவு அலைந்தேன்! பிறகுதான் உறைத்தது. நான் காப்பாற்றியது என் பேரை. அதற்கு விலையாக அவள் பேரைக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாளே ஆபீசரிடம் போனேன். "சார், அவள் கேட்டது அது இல்லை. நான்தான் மாற்றிச் சொன்னேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் இத்தனை நாள் நீங்கள் சொன்ன மற்ற பராதிகள்?" என்று மலையாளத்தில் கேட்டார்.

மறு விசாரணைக்கு வேறு ஆளை வைத்து மொழிபெயர்த்தார்கள். கடைசியில் சூப்பர்வைசர் அதே கொட்டகையில் எல்லோர் முன்னாலும் நின்று, அவள் திருடவில்லை என்று முணுமுணுத்தார்.

"கேக்கல சார். சத்தமாச் சொல்லுங்க" என்றாள் பேச்சியம்மாள். சத்தமாகவே சொன்னார்.

புதிதாகக் கன்வீனர் ஆகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவருக்காகப் பேசினால், என்ன பேசினீர்கள் என்று கையெழுத்துக்கு முன்னால் அவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். ஆபீசர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. பழைய பராதிக்காரர்கள் பலர் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். எதிரே வந்தால் கும்பிடுகிறார்கள். அன்றைக்கு என்ன கேட்டீர்கள் என்று அவர்களிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.